இடதுகைக்காரருக்குக் கித்தார் வாங்கும்முன்

கோலாலம்பூர் கடைகளில் இடதுகைக் கித்தார் அதிகம் கிடைக்காது. "வலதுகைக் கித்தாரிலேயே கம்பியை மாற்றிப் போட்டுத் தருகிறோம்" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் நட்டைப் பாருங்கள். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு அது. அதன் ஆறு வெட்டுகளும் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு அறுத்தவை. திருப்பிப் போட்டால் தடித்த ஆறாவது கம்பி குறுகிய வெட்டில் இறங்காமல் மேலே நிற்கும். முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட்) அழுத்தும்போது விரல் வலிக்கும், சுருதியும் ஏறிவிடும். மெல்லிய முதல் கம்பியோ அகன்ற வெட்டில் ஆடி இரையும். புது நட்டு போட்டே ஆகவேண்டும்.

அடுத்தது பிரிட்ஜில், அதாவது உடல்பக்கம் கம்பிகளைக் கட்டும் கட்டையில், உள்ள சாடில். கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டு அது. எஃகுக் கம்பிக் கித்தாரில் அது சற்றே சாய்வாக இருக்கும், தடித்த கம்பிகளுக்கு நீளம் கூடுதலாகக் கிடைப்பதற்காக. கம்பி இடம் மாறினால் கணக்கு தலைகீழாகும். 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய சுரத்தையும் சுருதி காட்டும் டியூனரில் ஒப்பிடுங்கள். தடித்த கம்பியில் அழுத்திய சுரம் ஏறிக் காட்டும். நைலான் கம்பிக் கிளாசிக்கல் கித்தாரில் சாடில் பெரும்பாலும் நேராகவே இருப்பதால் மாற்ற அதுவே தோது.

வயலினில் இந்த வேலையே வேண்டாம். தடித்த கம்பிப் பக்கம் உள்ளே பாஸ் பார் என்ற மரச்சட்டம் ஒட்டியிருக்கும். மேற்பலகையைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. பிரிக்பீல்ட்ஸில் கர்நாடக வயலின் வகுப்பில் சேரும் இடதுகைப் பிள்ளை வழக்கமான பிடியிலேயே தொடங்கட்டும். கமகமெல்லாம் இடதுகை விரல்களின் வேலைதானே! வில் பிடிக்கும் வலதுகைக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை: வெறுங்கம்பியில் நீள வில், தினமும் 10 நிமிடம்.