தலை சிடியில் மெல்லிய ரத்தக் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? (நைட் டியூட்டி டாக்டர்களுக்கு)

பெரிய ரத்தக்கட்டு யார் கண்ணிலும் பட்டுவிடும். ‘சிடி நார்மல்’ என்று எழுதவைத்து மாட்டிவிடுவது மெல்லிய கசிவுகள்தான். படத்தைத் திறந்து ஸ்லைஸ்களை உருட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். படம் பார்க்கும் மென்பொருள், விண்டோஸ் என்றால் ரேடியன்ட், மேக் என்றால் ஹோரோஸ். வாட்ஸ்ஆப்பில் வரும் ஃபிலிம் போட்டோ வேண்டவே வேண்டாம், அதில் விண்டோ (எந்த அடர்த்தி எந்தச் சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) மாற்ற முடியாது.

1. முதலில் வழக்கமான மூளை விண்டோ: அகலம் 80, மையம் 40. புது ரத்தம் ஏறத்தாழ 50–70 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியின் அலகு), வெளுப்பாகத் தெரியும்.

2. அடுத்து அகலம் 200, மையம் 80. இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். முதல் விண்டோவில் 80-க்கு மேலே உள்ள எல்லாமே ஒரே வெள்ளை, 70-ல் இருக்கும் ரத்தமும் கிட்டத்தட்ட அதே வெள்ளை. அதனால் எலும்பை ஒட்டிய மெல்லிய சப்டூரல் (மூளையின் வெளியுறைக்கு அடியில் தேங்கும் ரத்தம்), மண்டையோடு அங்கே கொஞ்சம் தடிமன் போல என்று ஏமாற்றிவிடும். அகலத்தைக் கூட்டியதும் எலும்பு வெள்ளையாகவே நிற்க, ரத்தம் மட்டும் சாம்பல் நிறத்துக்கு இறங்கித் தனியாகப் பிரியும். உச்சந்தலையிலும் டென்டோரியத்திலும் (பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் உள்ள உறை) அப்போதும் சந்தேகம் தீராது, கொரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) பாருங்கள்.

3. அப்புறம் ஒளியும் இடங்கள். நடுமூளைக்கு முன்னால் உள்ள இன்டர்பெடங்குலர் சிஸ்டர்ன் (மூளைத் திரவம் நிற்கும் இடைவெளி) கறுப்பாக இருக்க வேண்டும், மூளையின் சாம்பலோடு கலந்திருந்தால் நின்று பாருங்கள். சில்வியன் ஃபிஷரை (மூளையின் பக்கவாட்டில் உள்ள ஆழமான பிளவு) இடம் வலம் ஒப்பிடுங்கள். நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் ஆக்ஸிபிட்டல் ஹார்னின் (மூளைக்குள் திரவ அறையின் பின்முனை) அடியில் ரத்தம் மட்டம் கட்டித் தேங்கும், சில சமயம் அந்த ஒரு கோடுதான் மொத்தத் தடயமே.

4. வெள்ளையே இல்லாத சப்டூரலும் உண்டு. அடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ரத்தம் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். மூளை மடிப்புகள் எலும்பு வரை போகின்றனவா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் நடுக்கோடுகூட நகராது. எண்பது வயதுக்காரருக்கு இருபது வயது மூளை போல மடிப்புகள் நெருக்கமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், இரண்டு பக்க சப்டூரல் அழுத்துவதாக இருக்கலாம்!

பின்சேர்க்கை: “வெள்ளையாக இருந்தது, ஆனால் கால்சியமாம்” என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்த வெள்ளையில் வட்டம் போட்டு ஹவுன்ஸ்ஃபீல்டு அளந்து பாருங்கள், 100-ஐத் தாண்டினால் ரத்தமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தவர்களுக்குப் புது ரத்தமே மங்கலாகத் தெரியும். திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி, ஆனால் 6 மணி நேரம் கழித்து எடுத்த சிடி சுத்தம் என்றால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், எல்.பி. (முதுகுத்தண்டில் ஊசி போட்டு திரவம் எடுக்கும் சோதனை) பற்றி சீனியரிடம் பேசுங்கள், அவர் தூங்கினால் எழுப்புங்கள்.