கூட வேலை பாக்குற நர்ஸே "எனக்கு ஊசி வேணாம்"னா எப்படி பேசுறது

ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க எல்லாரும் தடுப்பூசி, ஸ்கிரீனிங் (அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே நோய தேடுற டெஸ்ட்) எல்லாத்தையும் கண்ண மூடிட்டு நம்புவாங்கன்னு வெளில நினைக்கிறாங்க, அப்படியெல்லாம் இல்லைங்க, ஸ்டாஃபுக்கு ஃப்ளூ ஊசி போடுற வாரம் வந்தாலே நாலு பேருக்கு திடீர்னு லீவு தேவைப்படும். அவங்களுக்கு ஊசி போட வைக்கிற வேலைய கொஞ்ச வருஷமா பாக்குறேன், நிறைய சொதப்பியிருக்கேன், அதுல கத்துக்கிட்டதுதான் இது.

முதல்ல "படிச்ச நீங்களே இப்படி பேசலாமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அந்த சிஸ்டர் ரெண்டு மாசத்துக்கு, ஷிஃப்ட் மாறும்போது நோயாளிங்க விவரம் சொல்ற ஹேண்ட்ஓவர் தவிர என்கிட்ட வாயே திறக்கல.

அப்புறம், சந்தேகம் மருந்து மேலயா இல்ல போட சொல்றவங்க மேலயான்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, முக்கால்வாசி வேலை இதுலதான் இருக்கு. ஒரு சீனியர் சிஸ்டர் சொன்னாங்க, "கொரோனா டைம்ல மாஸ்க் கேட்டப்ப ஸ்டாக் இல்லன்னாங்க, ஒரே என்95ஐ காயவச்சு காயவச்சு போட்டோம், இப்ப மட்டும் எங்க உடம்பு மேல அக்கறை பொத்துக்கிட்டு வருதா?" இதுக்கு எந்த கிராஃப காட்டுவீங்க? அவங்க சொன்னது நியாயம்தான்னு ஒத்துக்கிட்டேன், டியூட்டி நேரத்துலயே ஊசி போடவும் அடுத்த நாள் காய்ச்சல் அடிச்சா லீவ கழிக்காம இருக்கவும் மேல பேசி வாங்கிட்டு, அதுக்கப்புறம்தான் மறுபடி அவங்ககிட்ட போனேன்.

மருந்து மேலதான் சந்தேகம்னா அவங்க அனுபவத்த பொய்யாக்காதீங்க. "போன தடவ போட்டு மூணாவது நாளே ஃப்ளூ வந்துச்சு"ன்னா, காய்ச்சல் வந்தது உண்மைதான்னு சொல்லிட்டு, ஊசியா போடுற ஃப்ளூ மருந்துல உயிருள்ள வைரஸ் இல்ல, அதனால ஃப்ளூ வர வைக்க முடியாது, பாதுகாப்பு வரவே ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள ஊர்ல சுத்துற ஏதோ ஒரு வைரஸ் தொத்தியிருக்கலாம்னு சொல்லுங்க. நம்ம ஆளுங்க பாக்குறது எல்லாம் ஊசி போட்டு கை வீங்கினவங்களதான், ஊசியால நோயே வராம வீட்ல இருக்கிறவங்க யாரும் வார்டுக்கு வந்து அட்மிட் ஆகுறதில்லையே.

வதந்திய திருத்தும்போது முதல்ல உண்மைய சொல்லுங்க, பொய்ய ஒரே ஒரு தடவ, அது ஏன் பொய்யின்னும் சேர்த்து. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கு குழந்தைங்களுக்கு போடுற எம்எம்ஆர் ஊசியால ஆட்டிசம் வராது, 2019ல டென்மார்க்ல 6.5 லட்சம் குழந்தைங்களுக்கு மேல பாத்தும் அப்படி ஒரு தொடர்பே இல்ல. வரும்னு பயம் கிளப்பின வேக்ஃபீல்டோட 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைங்கள வச்சு எழுதினது, அத வெளியிட்ட லான்செட் ஜர்னலே 2010ல அத வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் அவரோட மருத்துவர் பதிவும் போச்சு. அத எழுதினது டாக்டர், போட்டது டாக்டருங்க படிக்கிற ஜர்னல், அதனால வாட்ஸ்அப்ப மட்டும் திட்டிட்டு போயிடாதீங்க. 1847ல வியன்னால செம்மல்வைஸ்ங்கிற டாக்டர் மத்த டாக்டருங்கள கை கழுவ சொன்னதுக்கே கோவிச்சுக்கிட்ட கூட்டம்தானே நம்மளது.

எல்லா கேள்வியையும் வதந்தின்னு தள்ளவும் கூடாது. மேமோகிராம்ல (மார்பக புற்றுநோய தேடுற எக்ஸ்ரே) ஆபத்தே இல்லாத கட்டியையும் கண்டுபிடிச்சு தேவையில்லாம ட்ரீட்மென்ட் குடுக்குறோமான்னு ஒருத்தர் கேட்டா அது நிஜமான விவாதம், உக்காந்து பேசுங்க.

ரத்தம் மூலமா பரவி கல்லீரல பாதிக்கிற ஹெபடைட்டிஸ் பிக்கான தடுப்பூசிக்கு மட்டும் நம்பர் வேலை செய்யுது. நோயாளிக்கு போட்ட ஊசி தவறி நம்ம கைல குத்தினா எல்லாரும் பயப்படுறது எச்ஐவிக்கு, அது பரவ வாய்ப்பு சுமார் 0.3%, தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி பரவ வாய்ப்பு 6ல இருந்து 30% வரைக்கும். இத சொன்னதும் ஒரு பையன் பேசாம எந்திரிச்சு போய் தன்னோட கார்டுல மூணாவது டோஸ் ஏறியிருக்கான்னு தேடினான்.

அன்னிக்கே முடிவு கேக்காதீங்க. ஊசி போட்ட அடுத்த நாள் போன் பண்ணி கை எப்படி இருக்குன்னு கேளுங்க, காய்ச்சல்னா "அதெல்லாம் சகஜம்"னு சொல்லாம சைடு எஃபெக்ட் ஃபார்ம எடுத்து அவங்க கண்ணு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்குங்க.