பட்டிப் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் உண்ணியையும் கவனியுங்கள்

காங்கயம், தாராபுரம், அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துக்குப் போனால் நம் பிள்ளைகள் முதலில் ஓடுவது கட்டுத்தரைக்குத்தான். கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடிப்பார்கள், நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொள்வார்கள். தடுக்க வேண்டாம், அதற்காகத்தானே கூட்டிப் போகிறோம்.

ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸைத்தான். அதைப் பரப்புவது மாட்டின் காதில் தொங்கும் பெரிய உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு. கடித்ததே தெரியாது. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் இது அதிகம். நாம் பொங்கலுக்குப் போவதும் அப்போதுதான். நாயுண்ணி கடித்தும் வேறு வகைக் காய்ச்சல் வரலாம்.

அப்புறம் குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட இது, உண்ணியால்தான் பரவுகிறது. பந்திப்பூர், வயநாடு வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டப் போகாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஆடு மேய்வதைப் பார்க்கப் போகும்போது முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற மருந்து கலந்த பூச்சி விரட்டியை இங்கிருந்தே வாங்கிப் போவது நல்லது. வெறும் புல்லில் உட்கார வேண்டாம், கயிற்றுக் கட்டிலைப் போடச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்து வந்ததும் குளித்துவிட்டு அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மண்ணெண்ணெயைத் தேடுவார். வேண்டாம் அம்மிச்சி என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு, கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சலைப் பற்றி. ஸ்க்ரப் டைபஸ், பூச்சி கடித்து 6 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். அதற்குள் டொரோண்டோவிலோ லண்டனிலோ வேலைக்குப் போகத் தொடங்கியிருப்போம். சளிக் காய்ச்சல் என்று படுத்துக் கிடக்காதீர்கள். பீடி சுட்டதுபோல் கறுத்த, வலியில்லாத பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். எல்லாருக்கும் அது வராது, ஆகவே இல்லையென்றாலும் மருத்துவரிடம் போங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் உண்டு. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். பென்சிலின் இதற்குக் கேட்காது. அங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். எந்தத் தேதியில் தோட்டத்தில் இருந்தீர்கள், புல்லில் நடந்தீர்களா என்று நீங்களே முந்திச் சொல்லி, ஸ்க்ரப் டைபஸ் என்ற பெயரையும் சொல்லுங்கள்.