மோட்டார் ஹோமுக்குப் புது டயர் வாங்குவது எப்படி: எடை, தேதி, அப்புறம் அந்த உள்பக்க வால்வு

மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, அதன் டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதைப் பட்டனை (சாலையில் படும் வரிப்பகுதியை) மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் எங்களைப் போன்றவர்கள் அக்டோபரில் வண்டியை நிறுத்தினால் மே மாதம்தான் மறுபடி எடுக்கிறோம். கோடையில் அல்கொன்குவின், மனிடூலின் தீவு, எப்போதாவது சுப்பீரியர் ஏரியைச் சுற்றி ஒரு நீண்ட ஓட்டம். இந்த ஓட்டத்துக்குப் பட்டன் தேய்வதற்கு வெகு காலம் ஆகும். ரப்பர் அதுவரை தாங்காது. ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் ஓசோன் காப்புப் பொருளும் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து காக்கின்றன. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு கிடைப்பதில்லை. பட்டன் புதிதுபோல இருக்கும்போதே பக்கச் சுவரில் விரிசல் விழுவது இதனால்தான்.

நான் எழுதுவது ஃபோர்டு இ-450 வேனின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய கிளாஸ் சி (நடுத்தர அளவு) மோட்டார் ஹோமை வைத்து. முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை இரட்டையாக நான்கு, மொத்தம் ஆறு டயர். உங்களுடையது ஸ்ப்ரின்டரோ ட்ரான்சிட்டோ என்றால் அளவுகள் மாறும், வேலை மாறாது.

படி 1: டயரின் பிறந்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே கட்டாயம். மறுபக்கத்தில் தேதி இல்லாத அரைகுறைக் குறியீடு இருக்கலாம். அதனால் வெளியே நின்று பார்த்துவிட்டு “தேதியே இல்லை” என்று விட்டுவிடாதீர்கள். டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்.

மிஷலின் சொல்லும் கணக்கு இது: ஐந்து வருடம் ஆன பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நான் பத்து வரை போக மாட்டேன். வெயிலில் உறையில்லாமல் நிற்கும் வண்டி என்றால் ஏழு வருடமே எனக்கு எல்லை. இரட்டை டயருக்கு நடுவே விரிசலோ வீக்கமோ தெரிந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம்.

படி 2: வண்டியை எடை போடுங்கள்

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். எந்தக் கம்பெனி டயர் நல்லது என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு டயரும் எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். கனடா, அமெரிக்கா இரண்டிலும் உண்டு. முன் அச்சு ஒரு தட்டிலும் பின் அச்சு அடுத்த தட்டிலும் நிற்கும்படி ஏற்றினால் தனித்தனி எடை போட்ட சீட்டு கொடுப்பார்கள்.

பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே போங்கள். தண்ணீர்த் தொட்டி, புரொப்பேன், பெட்ரோல் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும்; வீட்டார் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும்; அரிசி மூட்டை, குக்கர், சைக்கிள் வரை ஏறியிருக்க வேண்டும். 150 லிட்டர் தண்ணீர் என்றாலே 150 கிலோ, அதாவது 330 பவுண்டு.

எங்கள் வண்டி முன்னால் 4,220 பவுண்டு, பின்னால் 9,060 பவுண்டு காட்டியது. 9,060ஐ நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,265. பார்க்க நிம்மதியான எண். ஆனால் மோட்டார் ஹோமில் எடை இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் அழுந்தும். சக்கரம் சக்கரமாக எடை பார்த்தபோது எங்களுடைய இடது பின்பக்கம் மட்டும் 4,750 பவுண்டு. அப்படியானால் அந்த இரண்டு டயரும் ஆளுக்கு 2,375 சுமக்கின்றன. மோட்டார் ஹோம்காரர்களுக்காகவே இப்படிச் சக்கரவாரியாக எடை போட்டுக் கொடுக்கும் அமைப்புகள் அமெரிக்காவில் இருக்கின்றன. எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார் ஹோம்காரர் சங்கம் நடத்தும் ஸ்மார்ட்வே அதில் ஒன்று. வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 3: அந்த எடையை டயரோடு ஒப்பிடுங்கள்

இ-450 வண்டிகளில் பெரும்பாலும் எல்டி 225/75 ஆர் 16 என்ற சிறு லாரி வகை டயர், லோடு ரேஞ்ச் (சுமை வகுப்பு) இ. பக்கத்தில் 115/112 என்று இருக்கும். முதல் எண் ஒற்றை டயருக்கு, இரண்டாவது இரட்டைக்கு. 115 என்றால் 1,215 கிலோ, 2,680 பவுண்டு. 112 என்றால் 1,120 கிலோ, 2,470 பவுண்டு. இரட்டையாகப் போடும்போது ஒவ்வொரு டயரின் திறனும் குறைவதைக் கவனியுங்கள். சாலை நடுவே மேடாக இருந்தால்கூட உள் டயரும் வெளி டயரும் சுமையைச் சமமாகப் பகிராது. அதற்கான கழிவு அது.

இந்தத் திறன் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் மட்டும். அதே டயரில் 65 பிஎஸ்ஐ வைத்தால் இரட்டையில் 2,150 பவுண்டுதான். குலுங்குகிறது என்று காற்றைக் குறைத்துவிட்டு 2,375 பவுண்டை ஏற்றி 401 நெடுஞ்சாலையில் போனால் டயர் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

முன்பக்கம் 4,220க்கு இரண்டு டயரின் திறன் 5,360. அங்கே தாராளம். பின்பக்க இடதில் ஒரு டயருக்கு மிச்சம் 95 பவுண்டு. நாங்கள் டயர் வாங்கும் முன்பே கருவிப் பெட்டியையும் டப்பா உணவுகளையும் வலது பக்கத்துக்கு மாற்றினோம். சுமையைக் குறைப்பதும் மாற்றி வைப்பதும் டயர் வாங்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

படி 4: டயரைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் தவிர்க்க வேண்டியவை. பி என்று தொடங்கும் கார் டயர் வேண்டாம். எஸ்டி என்று தொடங்குபவை பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு மட்டும் உரியவை; மோட்டார் ஹோமில் போடவே கூடாது. அகலமான டயர் போட்டால் வண்டி ஆடாது என்று யாராவது சொல்லலாம். இரட்டை டயருக்கு நடுவே இடைவெளி குறைந்தால் இரண்டும் உரசும், சூடாகும். வண்டியோடு வந்த அளவிலேயே இருங்கள்.

அளவும் திறனும் பொருந்தினாலும் போதாது, எந்த வேலைக்காகச் செய்த டயர் என்றும் பார்க்க வேண்டும். குட்இயர் ஜி159 டயரின் கதை இதற்குத் தெளிவான பாடம். நகரத்துக்குள் சரக்கு கொண்டுபோகும் லாரிகளுக்காக வந்த டயர் பஸ் போன்ற பல பெரிய கிளாஸ் ஏ மோட்டார் ஹோம்களில் ஏறியது; அவை நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்கில் ஓடின. 1996 முதல் 2003 வரை தயாரான 275/70 ஆர் 22.5 அளவு டயர்கள் 1,73,000க்கும் மேல் 2022 ஜூனில்தான் திரும்ப அழைக்கப்பட்டன. டயரில் குறையில்லை, அதிகச் சுமையும் குறைந்த காற்றுமே காரணம் என்பது குட்இயரின் வாதம். உயிர்கள் போன பிறகு வந்த அறிவிப்பு அது. பழைய கிளாஸ் ஏ வண்டி வாங்குபவர்கள் ஸ்டெப்னியில்கூட இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இ-450க்கு என் தேர்வு மிஷலின் அஜிலிஸ் கிராஸ்கிளைமேட். வேன்களுக்கும் சிறு லாரிகளுக்கும் செய்தது, பக்கச் சுவர் விறைப்பு, லாரி கடந்து போகும்போது வண்டி ஆடுவது குறைந்தது. மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் போட்ட குளிர்கால டயர் அடையாளமும் அதில் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், ராக்கி மலைப் பக்கம் செப்டம்பர் கடைசியில் போகும் திட்டம் இருந்தால் இது உதவும். விலை அதிகம்தான். கொஞ்சம் குறைவாக வேண்டும் என்றால் ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ் எச்டி வரிசையை எடுங்கள், நல்ல டயர். கரடுமுரடான ஆஃப்-ரோடு பட்டன் வேண்டாம். சத்தமும் பெட்ரோலும்தான் கூடும்.

ஆறையும் ஒன்றாகவே மாற்றுங்கள். முடியாவிட்டால், குறைந்தது ஒரு பக்கத்து இரட்டையில் உள்ள இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். இந்த அளவு டயர்களில் அந்த இரண்டின் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. பெரியது எல்லாச் சுமையையும் தாங்கி வெடிக்கும், சின்னது தேய்ந்துகொண்டே இழுபடும்.

படி 5: வால்வு. இங்கே நிதானமாகப் படியுங்கள்

எல்லா விளக்கங்களும் டயரோடு நின்றுவிடுகின்றன. எங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது இந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான்.

இரட்டைச் சக்கரத்தில் உள் டயரின் வால்வுக்குக் கை போகாது. அதனால் பல வண்டிகளில் வளையும் நீட்டிப்புக் குழாயை மாட்டி வெளியே கொண்டுவந்திருப்பார்கள். அதன் சிக்கல் என்னவென்றால், நீட்டிப்பை மாட்டியதும் வால்வுக்குள் இருக்கும் ஊசி எப்போதும் திறந்தே இருக்கும். பிறகு குழாயில் எங்கே கசிந்தாலும் டயரின் காற்று போகும். அடிப்பகுதி சாதாரண ரப்பர் வால்வாக இருந்தால், சக்கரம் சுழலும்போது குழாயின் எடை அதை இழுத்து இழுத்து அடியில் கிழிக்கும். கார்களுக்கு வரும் சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ வரைதான். நாம் அடிப்பதோ 80.

உள் டயர் காற்றிழந்தால் வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து டயர் வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும். எங்கள் இடது உள் டயர் 30 பிஎஸ்ஐயில் நின்றதை நான் அளவெடுத்தபோதுதான் பார்த்தேன். முந்தைய கோடையில் ஒரு கடை புது டயரோடு பழைய நீட்டிப்பையே மறுபடி மாட்டி அனுப்பியிருந்தது. அதுவரை வெளி டயர் தனியாக இரண்டு பங்கு சுமந்திருக்கிறது. அந்த வெளி டயரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

தீர்வு, வளையாத நீண்ட உலோக வால்வு. உள் டயருக்கு ஒன்று, வெளி டயருக்குத் திருப்பி வளைத்த ஒன்று. இரண்டும் வெளியில் நின்றே கைக்கு எட்டும். நீட்டிப்பே கிடையாது. போர்க், டூயலி வால்வ் என்ற பெயர்களில் கிட்டாகக் கிடைக்கின்றன. வண்டியின் வருடம், இரும்பு ரிம்மா அலுமினிய ரிம்மா என்பதைச் சரியாகச் சொல்லி, டயர் மாற்றும் நாளுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து கழற்றினால்தான் இதை மாட்ட முடியும், கடையில் பெரும்பாலும் இருப்பு இருக்காது. அன்று விட்டால் அடுத்த டயர் மாற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 6: கடையில்

தொலைபேசியில் பேசும்போதே “இ-450, பின்னால் இரட்டை, ஆறு டயர், ஆறு டன் எடை” என்று சொல்லுங்கள். பல கார் டயர் கடைகளின் லிஃப்ட் இந்த எடையைத் தூக்காது. லாரி டயர் கடையே நல்லது. டயர் தயாரித்த தேதியையும் அப்போதே கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் நான் எடுப்பதில்லை. நாம் பட்டனுக்கு அல்ல, வயதுக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

தேதி தெரியும் பக்கம் வெளி டயரில் வெளியே பார்க்கவும், உள் டயரில் வண்டியின் உட்பக்கம் பார்க்கவும் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே போய்விட்டால் பிறகு படிக்கவே முடியாது. நட்டை இறுக்க டார்க் ரென்ச்சை (எவ்வளவு இறுக்கம் என்று அளக்கும் ஸ்பேனர்) பயன்படுத்துகிறார்களா என்று நின்று பாருங்கள். கையேட்டில் உள்ள அளவு எத்தனை என்று எழுதி எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து 100 மைல் ஓடியதும் நீங்களே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

படி 7: காற்று

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, குளிர்ந்த டயரில் அளவெடுங்கள். டயர் கம்பெனியின் சுமை, காற்று அட்டவணையில் உங்கள் எடைக்கு உரிய எண் வரும். அதிகம் அழுந்தும் பக்கத்தின் கணக்கையே அந்த அச்சின் எல்லா டயருக்கும் எடுக்க வேண்டும். அந்த எண் குறைந்தபட்சம் மட்டுமே. பின்னால் நான் 80 வைக்கிறேன். முன்னால் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவு.

கருவி வாங்கினால் இரட்டைத் தலை உள்ள கேஜ் வாங்குங்கள்; ஒற்றைத் தலை உள் வால்வில் சரியாக உட்காராது. சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் 80 பிஎஸ்ஐக்கு மூச்சு வாங்கும். வயேர் 400பி-ஆர்வி நேராக பேட்டரியில் மாட்டுவது, அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆறு டயருக்கும் காற்று அளவு காட்டும் சென்சார் போட்டுவிடுங்கள்; உலோக வால்வில் அது உறுதியாக நிற்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் தன் ஃபியட் டுகாட்டோ வேனில் 225/75 ஆர் 16 சிபி என்று இருப்பதாக எழுதினார். சிபி என்பது அங்கே முகாம் வண்டிகளுக்கென்றே உள்ள வகை. எப்போதும் நிறைந்த சுமையோடு நிற்கும் வண்டிக்காகக் கூடுதல் காற்றுத் தாங்கும்படி செய்தது. மாற்றும்போதும் சிபியே கேட்டு வாங்குங்கள்.

இலையுதிர் காலக் காலையில் காற்று குறைந்து காட்டுவதாக இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 2 சதவீதம் குறையும். 80இல் அது ஒன்றரை பிஎஸ்ஐ. இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்தால் வானிலை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

பளபளப்பு எண்ணெய் தடவலாமா என்ற கேள்விக்கு: பெட்ரோலிய வகை எதையும் தடவாதீர்கள், அது டயரின் காப்பு மெழுகைக் கழுவிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். நிறுத்தும்போது வெயில் படாமல் உறை போட்டு, டயருக்கு அடியில் பலகை வைத்து, காற்றை முழு அளவில் அடித்து வையுங்கள். ஸ்டெப்னிக்கும் உறை வேண்டும், அதற்கும் வயதாகிறது.