இரண்டு ஆண்களின் நெருக்கத்தைப் படமாக்குவது: ராமநாதபுரம் கடற்கரையில் குறும்படம் எடுப்போருக்கு

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே பாயில் படுப்பதும் சகஜம். அதனால் கைகோர்த்து நடக்கவிட்டுக் காதலைச் சொல்ல முடியாது. நட்பு என்றே படும். வேலைக்குள் தொடுதலை வையுங்கள். வள்ளத்தைக் கரையேற்றும்போதும், வலை பொத்தும்போதும், ஐஸ் பெட்டி தூக்கும்போதும் கை படக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் கை மூன்று விநாடி அங்கேயே இருக்கட்டும். எடிட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த மூன்று விநாடிதான். விடாதீர்கள்.

முத்தத்துக்கு முன் இப்படி இரண்டு மூன்று தொடுதலாவது வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரங்கில் சிரிப்பு வரும். நம் காமெடி டிராக்குகள் பழக்கிவிட்ட சிரிப்பு அது. மூன்றாம் ஆள் முழிக்கிற குளோசப்பும், குறும்பான பின்னணி இசையும் அதைத் தூண்டிவிடும். இரண்டையும் தவிருங்கள்.

வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலீர்ப்பு உறவு, உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பின் குற்றமில்லை. ஆனாலும் முத்தக் காட்சியைத் திறந்த கடற்கரையில் எடுக்க வேண்டாம். கூட்டம் கூடும், செல்போன் வீடியோ மறுநாளே ஊர் சுற்றும், பொது இடத்தில் ஆபாசம் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 296-ஆம் பிரிவில் யாராவது புகாரும் கொடுக்கலாம். வாடகைக்கு ஒரு அறை பிடியுங்கள். என்ன கதை என்பதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் தெரிந்தால் படப்பிடிப்பு நின்றுபோகும். உள்ளே இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஃபோகஸ் பார்ப்பவர், ஒலிப்பதிவாளர், நடிகர்களின் எல்லையைக் கவனிக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டர், இந்த ஐவர் போதும். செல்போன்கள் வெளியே. மானிட்டர் ஒன்றுதான்.

எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை நடிகர்கள் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திடட்டும். எதிரில் நிற்கும் நடிகர் முன்னால் கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். ஒத்திகை முழு உடையோடு, சண்டைக்காட்சிபோல் எண்ணிக்கை வைத்து: ஒன்றுக்குக் கை கழுத்துக்கு, மூன்றுக்கு நெற்றி, ஐந்துக்கு உதடு. ‘உணர்ச்சி வந்தபடி செய்யுங்கள்’ என்று விட்டால் எல்லை மீறும், ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சியும் (கன்டினியூட்டி) கெடும். கேமராவை ஒருவரின் காதுக்குப் பின்னால் வைத்து மற்றவர் முகத்தைப் பிடியுங்கள். உதடுகளைவிட மூடும் கண்கள் அதிகம் சொல்லும். வியர்வைக்குக் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்தால் டேக்குக்கு டேக் மாறாது.

வெளிக்காட்சிகளுக்குக் காற்றைப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அடங்கியிருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் நேர்மாறு. தாழ்ந்த குரல் வசனத்துக்கு மைக்கில் ரோம உறை இல்லாமல் போகாதீர்கள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கீறும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றுங்கள். சூரியன் மறைந்தபின் நல்ல வெளிச்சம் இருபது நிமிடம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடித் தடையில் கட்டிக்கிடக்கும்; வேலையில்லாத இரண்டு ஆண்களின் கதைக்கு அதைவிடத் தோதான பருவம் கிடையாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோனை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள்.

யூடியூபுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, தியேட்டருக்குத் தேவை. ‘ஏ’ கிடைத்தால் டிவியில் வராது. பயன்படுத்தாத நெருக்கக் காட்சிகளை, எடிட் முடிந்ததும் நடிகர்கள் முன்னிலையில் எல்லா ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிடுங்கள்.