மனச்சோர்வு என்று எழுதும் முன்

மழையால் மேட்ச் நின்றுபோனால் மனச்சோர்வு, போட்ட படத்துக்கு லைக் குறைந்தால் மனச்சோர்வு என்று இந்தச் சொல்லை ரொம்பத் தாராளமாகச் செலவழிக்கிறோம். சோர்தல் என்றால் தளர்தல், தொய்தல். மனம் தொய்ந்துபோவதைச் சொல்வதால் இலக்கணப்படி இதில் பிழை இல்லை. ஆனால் டிப்ரஷன் என்ற நோய்க்கும் தமிழில் இதுதான் பெயர். மருத்துவர்கள் அப்படிச் சொல்ல, குறைந்தது 2 வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருக்க வேண்டும். அல்லது பிடித்த விஷயங்களில்கூட நாட்டம் போயிருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம் என்று வேறு சிலவும் கெட்டிருக்கும். நின்றுபோன மேட்சுக்கு ‘ஏமாற்றம்’ போதும். ஒருநாள் வாட்டத்துக்கு ‘மனசு சரியில்லை’ என்பதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அதிகம் கண்ணில் படும் தவறு, டிப்ரஷனை ‘மன அழுத்தம்’ என்று எழுதுவது. செய்திகளிலேயே இது சகஜம். மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ். வேலைக்கெடு, கடன், பரீட்சை என்று ஏதோ ஒன்று மேலே உட்கார்ந்து அழுத்துகிறது; அது விலகினால் பெரும்பாலும் மனம் லேசாகிவிடும். மனச்சோர்வில் அப்படி ஒரு பாரத்தைக் காட்டவே முடியாமல் போகலாம். “என்னதான் பிரச்சினை?” என்று கேட்டால் பதில் இருக்காது. நாள்பட்ட அழுத்தம் சோர்வில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிலர் ‘மன இறுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள்; அதை ஆட்டிசத்துக்குப் பயன்படுத்துபவர்களும் இருப்பதால் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் சோம்பல். எழுந்து குளிக்கக்கூட முடியாமல் கிடப்பவரை ஒரே வார்த்தையில் சோம்பேறி ஆக்கிவிடுகிறோம். முகவாட்டத்தையும் மனச்சோர்வையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. முகவாட்டம் பார்த்தாலே தெரியும். மனச்சோர்வு உள்ளவர் சிரித்துப் பேசிவிட்டும் போகலாம், “நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தார்” என்று நாம் சொல்லும்படி.

விரக்திக்கு வடமொழியில் பற்றின்மை என்று பொருள். இன்றைய தமிழில் அது வெறுத்துப்போன நிலை. பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு யாரையும் திருத்த வேண்டியதில்லை.

எழுத்தில் ஒன்று: ‘மன சோர்வு’ அல்ல, ச் போட்டுச் சேர்த்து ‘மனச்சோர்வு’. ‘மனம் மனச்சோர்வாக இருக்கிறது’ என்றும் வேண்டாம். ஒரு மனம் போதும்.