குதிரை தலையை உதறுகிறதா? முதலில் பிட்டை அளந்து பாருங்கள்

பிட் என்பது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் உலோகத் துண்டு, இரு முனையிலும் லகான் மாட்டும் வளையம் இருக்கும். தலையை உதறுவது, வாயைப் பிளப்பது, ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுப்பது. இதைப் பார்த்ததும் லாயத்தில் யாராவது "கடுமையான பிட் போடு" என்பார்கள். கேட்காதீர்கள். கோளாறு பல நேரம் அளவில்தான் இருக்கும்.

1. பல். பிட் உட்காருவது முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறில். சில குதிரைகளுக்கு அங்கே சின்னதாக ஒரு வுல்ஃப் டூத் இருக்கும். பிட் அதில் இடித்தால் வலிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள்.

2. அகலம். தடுமாற வைக்கும் இடம் இதுதான். வழவழப்பான மெல்லிய மரக்குச்சியைப் பிட் போகும் இடத்தில் குறுக்கே வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் டேப் ஒட்டிக் குறியுங்கள். வளையம் சுழலும் லூஸ் ரிங் என்றால் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூட்டுங்கள்: வாய் 125 என்றால் பிட் 135. எக்பட் போல வளையம் அசையாததற்கு அவ்வளவு வேண்டாம், உதட்டை நெருக்காமல் ஒட்டி நின்றால் போதும். பழைய பிட்டை அளக்கும்போது நடுவிலுள்ள மூட்டு மடங்காமல் மேசைமேல் நேராக நீட்டி, வளையத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளக்க வேண்டும். மடங்கிய நிலையில் அளந்தால் எண் குறைவாக வரும். அதை நம்பி அடுத்த அளவு பெரியதாக வாங்கினால், இடது லகானை இழுக்கும்போது பிட் மொத்தமும் இடப்பக்கம் வழுக்கி வந்துவிடும், வலது வளையம் கன்னத்தில் போய் அழுத்தும்.

3. உயரம். உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. சதைப்பற்றான உதட்டில் அது பொய் சொல்லும். உதட்டைத் தூக்கி, பிட் பல்லில் படாமல் ஈறில் அமர்ந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

4. வார். சிங்கப்பூர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் தோல்வார் இழுபடும், பூசணமும் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே துளையில் மாட்டியிருந்தாலும் பிட் கோணலாகத் தொங்கலாம். துளையை எண்ணாதீர்கள், குதிரைக்கு நேர் முன்னால் நின்று பாருங்கள். மூக்குவாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

எதை வாங்குவது? என் ஓட்டு, நடுவில் சிறு குண்டு வைத்த இரட்டை மூட்டு எக்பட், துருப்பிடிக்காத எஃகில். தடித்த பிட்தான் மென்மையானது என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நாக்கு நிறைந்த வாயில் அதற்கு இடமே இருக்காது.

சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-இல் முடிந்தது. பந்தயத்தில் ஓடிய குதிரை கிடைத்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: பிட்டைப் பிடித்து முன்னே சாய்ந்து ஓடத்தான் அதைப் பழக்கியிருப்பார்கள். லகானை இறுக்கினால் வேகம் கூடலாம். பிட்டை மாற்றி அதைத் தீர்க்க முடியாது, பொறுமையாக மறுபடி பழக்க வேண்டும்.

பின்சேர்க்கை: நாக்கைப் பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிட் தாழ்வாகத் தொங்குவதுதான் காரணம். ஒரு துளை ஏற்றிப் பாருங்கள். அப்புறமும் தொடர்ந்தால் பல் மருத்துவர்தான். மூக்குவாரை இறுக்கி வாயை மூடிவிடாதீர்கள், வலி உள்ளேயே இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.